தம் கையால் உண்ணல்: முற்றிய மறதி நோயிலும் காக்கத்தக்க திறன்

மனிதன் பிறர் உதவியின்றித் தானே செய்யக் கற்றுக்கொள்ளும் முதற் காரியங்களுள் உண்பதும் ஒன்று. நடை பழகும் பருவத்திலேயே குழந்தை தட்டிலுள்ள சோற்றைத் தன் கையால் அள்ளி வாயில் வைக்க முயல்கிறது. பாதி சிந்தினாலும் பிறர் ஊட்டுவதை மறுக்கிறது. முதலில் கற்ற இத்திறனே, முதுமையிலும் நோயிலும் பெரும்பாலும் கடைசியாக நம்மை விட்டு நீங்குகிறது. அமெரிக்காவின் கிளீவ்லந்து நகரைச் சேர்ந்த சிட்னி காட்ஸ் என்னும் மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1963-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில் ஆறு அன்றாடச் செயல்களை எடுத்துக்கொண்டனர். நீராடல், உடுத்தல், கழிப்பறை செல்லல், படுக்கையினின்று எழுந்து இடம் மாறல், மலசலத்தை அடக்கல், உண்ணல் என்பன அவை. நோயுற்ற முதியோர் இவற்றை இழக்கும் வரிசையில் நீராடல் முதலிலும் உண்ணல் இறுதியிலும் நிற்பதை அவர்கள் கண்டனர்.

ஆயினும் நம் இல்லங்கள் பலவற்றிலும், முதியோர் விடுதிகளிலும், மறதி நோயுற்றவர் இத்திறனை இழக்க வேண்டிய காலத்துக்கு வெகு முன்னரே இழந்துவிடுகின்றனர். இதற்கு நோய் மட்டுமே காரணமன்று. நாம் செய்யும் உதவியும் ஒரு காரணமாகிறது. இது எங்ஙனம் நேர்கிறது, எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நோயின் இயல்பு

டிமென்ஷியா என்று மருத்துவர் வழங்கும் மறதி நோய் ஒரே நோயன்று. மூளையின் அணுக்கள் அழிவதால் விளையும் பல நோய்களின் பொதுப்பெயர். இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906-இல் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டமொன்றில் இதனை முதன்முதலாக விவரித்தார். அவருடைய பெயராலேயே 1910-இல் எமில் கிரேப்பெலின் தம் பாடநூலில் இந்நோயைக் குறித்தார்.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் மக்கள், இந்நோய்க்கு ஆளாகியிருப்பதாக 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று மதிப்பிட்டது. இவர்களுள் பெரும்பாலோரைப் பேணுவது மருத்துவமனையன்று, குடும்பமே. மனைவி, மகள், மருமகள் ஆகியோரின் கைகளிலேயே இப்பணி பெரும்பாலும் விழுகிறது. எனவே, உண்ணுதல் பற்றிய இவ்வறிவு மருத்துவருக்குப் போலவே வீட்டாருக்கும் தேவையானது.

நோய் முற்றிய நிலையில் நோயாளர் தம் மக்களின் பெயரை மறக்கிறார், முகத்தையும் மறக்கக்கூடும். சொற்கள் குறைந்து, பேச்சு அறவே நின்றுபோகவும் நேர்கிறது. இத்தகையவருக்கு உண்ணுதல் பற்றிய இடர் ஏற்படுவது அரிதன்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரையொட்டிய 22 முதியோர் இல்லங்களில் நோய் முற்றிய 323 பேரை 18 மாத காலம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 86 பேருக்கு அக்காலத்துக்குள் உண்ணும் இடர் தோன்றியதாக மதிப்பிடப்பட்டது.

மனம் மறந்ததைக் கை மறவாமை

மக்கள் பெயரையும் மறந்தவர் உண்ணும் முறையை மட்டும் எங்ஙனம் நினைவில் வைத்திருக்கிறார் என்ற வினா எழலாம். நினைவு என்பது ஒன்றன்று என்பதே இதற்கு விடை. நேற்று நடந்ததை நினைவுகூர்வது ஒருவகை நினைவு. மிதிவண்டி ஓட்டுவதும் கோலம் இடுவதும் பூத்தொடுப்பதும் வேறு வகை. பின்னதை உடல் பழக்கத்தின் நினைவு எனலாம்.

இவ்விரண்டும் வேறு என்பதைத் தெளிவாகக் காட்டியவர் கனடா நாட்டு உளநூலறிஞர் பிரெண்டா மில்னர். வலிப்பு நோய்க்காக 1953-இல் மூளையின் இரு பொட்டுப் பகுதிகளின் உட்புறத்தில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட ஓர் இளைஞர், அதன்பின் புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவில் கொள்ள இயலாதவரானார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நட்சத்திர வடிவம் ஒன்றை வரையுமாறு மில்னர் அவரைப் பழக்கினார். மூன்று நாட்களில் அவருடைய கை தேர்ச்சி பெற்றது. ஆனால், அத்தகைய பயிற்சியைத் தாம் முன்பு செய்ததாகவே அவருக்கு நினைவில்லை.

அல்சைமர் நோய் பெரும்பாலும் தாக்கத் தொடங்குவது, அந்த இளைஞர் இழந்த அதே பகுதிகளைத்தான். உடல் பழக்கங்களைக் காப்பவையோ மூளையின் ஆழத்திலுள்ள நரம்புத் திரள்களும் சிறுமூளையுமாம். இயக்கத்தை ஏவும் மூளைப்பகுதி நோயின் கடைசிக் கட்டம் வரை ஓரளவு தப்பி நிற்கிறது. ஆகவேதான் பேச்சிழந்த முதியவரும், கவளம் கையில் வந்தவுடன் அதை வாய்க்குக் கொண்டுசெல்கிறார்.

ஆயின், தடை எங்கே நேர்கிறது? பெரும்பாலும் தொடக்கத்தில். எதிரே இருப்பது உணவு என்பதை அறிதல், முதற் கவளத்தை எடுத்தல், ஒன்றை விழுங்கியபின் அடுத்ததற்குச் செல்லல், இடையே கவனம் சிதறாமல் இருத்தல் ஆகிய இணைப்புகளே முதலில் அறுகின்றன. தனித்தனி அசைவுகள் இருக்கின்றன. அவற்றைக் கோக்கும் நூல் அறுந்துவிடுகிறது. அந்நூலைச் சிறிது பிடித்துக் கொடுப்பதே நாம் செய்ய வேண்டிய உதவி.

உதவியே இடையூறாதல்

நடைமுறையிலோ வேறொன்று நிகழ்கிறது. முதியவர் தட்டைப் பார்த்தவாறு சும்மா இருக்கிறார். அல்லது சோற்றை ஆடையில் சிந்துகிறார். இல்லத்தில் வேலை காத்திருக்கிறது. அருகிலிருப்பவர் தட்டை வாங்கி ஊட்டத் தொடங்குகிறார். நம் நாட்டில் ஊட்டுவது அன்பின் அடையாளமுமாகும். ஆகவே அதில் குறையிருப்பதாக எவருக்கும் தோன்றுவதில்லை. அவசரம், அன்பு என்னும் இரண்டும் சேர்ந்து அந்தக் கையை ஓயச் செய்துவிடுகின்றன. சில வாரங்கள் ஓய்ந்த கையை மீண்டும் பழக்குவது கடினம்.

நோயினால் இயல்பாக விளையும் குறைக்கு மேலாக, சூழ்நிலையால் விளையும் இத்தகைய குறையை 'மிகை இயலாமை' என்று கூறலாம். இக்கருத்தை, மனத்திறன் குன்றிய முதியோரிடம் ஆராய்ந்து அமெரிக்காவில் எலைன் பிரோடியும் அவருடைய குழுவினரும் 1971-இல் வெளியிட்டனர். ஜெர்மானிய உளநூலறிஞர் மார்கிரெட் பால்டெஸ் முதியோர் இல்லங்களில் கண்டதும் இதனை வலியுறுத்துகிறது. முதியவர் பிறரை எதிர்பார்த்திருக்கும்போது ஊழியர் விரைந்து வந்து கவனிக்கின்றனர்; அவர் தாமாகவே ஒன்றைச் செய்யும்போது எவரும் பொருட்படுத்துவதில்லை. இதனால் சார்ந்திருத்தலையே முதியவர் கற்றுக்கொள்கிறார்.

காலத்தின் அருமையும் மறுக்கக்கூடியதன்று. அமெரிக்க முதியோர் இல்லங்களில் குறைவாக உண்பவர்களை வைத்து 2001-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், அருகிலமர்ந்து முறையாகத் துணைசெய்ய ஒரு வேளைக்குச் சுமார் 40 நிமிடம் தேவைப்பட்டது. ஊழியர் வழக்கமாகச் செலவிட்டதோ பத்து நிமிடத்துக்கும் குறைவே. அக்கூடுதல் நேரம் கிடைத்தபோது ஏறத்தாழ பாதிப்பேர் குறிப்பிடத்தக்க அளவு அதிகம் உண்டனர்.

தைவான் நாட்டுச் சோதனை

இழந்த திறனைப் பயிற்சியால் ஓரளவு மீட்க முடியுமா என்பதைத் தைவான் நாட்டு ஆராய்ச்சியாளர் சோதித்தனர். லீ-சான் லின் என்னும் பேராசிரியையின் குழுவினர் 2010-இல் வெளியிட்ட இச்சோதனையில், சிறப்புப் பராமரிப்பு இல்லங்களிலிருந்த மறதி நோயாளர் 85 பேர் மூன்று பிரிவினராக்கப்பட்டனர். பயிற்சி பெற்ற பிரிவினருக்கு வாரத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 30 முதல் 40 நிமிடம் வரை, எட்டு வாரம் பயிற்சி அளிக்கப்பட்டது.

முதற் பிரிவினருக்கு அளிக்கப்பட்டது இடைவெளி நினைவூட்டுப் பயிற்சி. ஒரு செய்தியைக் கூறி, உடனே அதைத் திரும்பக் கேட்டு, பின் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டி மீண்டும் மீண்டும் கேட்பது இதன் முறை. பிழை நேர்ந்தால் சரியான விடையைக் கூறிவிட்டு, முன்பு வெற்றி கண்ட இடைவெளிக்குத் திரும்பிவிடுவர். இரண்டாம் பிரிவினருக்கு மாண்டிசோரி முறைப் பயிற்சி அளிக்கப்பட்டது. ரோம் நகரின் ஏழைக் குழந்தைகளுக்காக 1907-இல் பள்ளி தொடங்கியவரும், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து உலகப்போர்க் காலத்தில் இந்தியாவிலேயே தங்கியவருமான மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையை நம் ஆசிரியர் நன்கறிவர். கரண்டியால் அள்ளல், ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றில் ஊற்றல், பிழிதல் போன்ற சிறு செயல்களைத் தனித்தனியே பழக்குவது அதன் ஓர் அங்கம். குழந்தைக்குப் புதிதாகக் கற்பிக்க எழுந்த அம்முறை, அமெரிக்க உளநூலறிஞர் கேமரன் காம்பின் முயற்சியால், முதியவரிடம் எஞ்சிய திறனைக் காக்கவும் பயன்படலாயிற்று.

எட்டு வாரத்தின் முடிவில், பயிற்சி பெற்ற இரு பிரிவினரிடமும் உண்ணும் இடர், பயிற்சியற்ற மூன்றாம் பிரிவினரைவிடக் குறைந்திருந்தது. இடைவெளிப் பயிற்சி பெற்றவரின் ஊட்டநிலையும் மேம்பட்டிருந்தது. ஆனால், மாண்டிசோரிப் பயிற்சி பெற்றவர்க்கு உணவு வேளையில் சொல்லாலும் கையாலும் துணைசெய்வது தொடர்ந்து வேண்டியிருந்தது. இப்பயிற்சிகள் நோயைத் தீர்ப்பவையல்ல. அருகிலிருப்பவரின் தேவையை நீக்குபவையுமல்ல. எஞ்சிய திறனை வெளிக்கொணர உதவுவனவே.

கண்ணுக்குத் தெரியும் உணவு

நோயாளர் உண்ணாதிருப்பதற்கு எளிய காரணம் ஒன்றும் உண்டு. தட்டில் உணவு இருப்பதே அவருக்குத் தெரியாமலிருக்கலாம். அல்சைமர் நோயில் நிற வேறுபாட்டையும் ஒளி வேறுபாட்டையும் பிரித்தறியும் ஆற்றல் குறைகிறது. வெள்ளைத் தட்டில் இட்ட வெண்சோறு அவருக்கு வெறுந்தட்டாகவே தோன்றக்கூடும். பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் 2004-இல் வெளியிட்ட சோதனையில், நோய் முற்றிய ஒன்பது ஆடவருக்கு வெண்ணிறப் பாத்திரங்களுக்குப் பதிலாக அழுத்தமான சிவப்பு நிறத் தட்டுகளும் குவளைகளும் தரப்பட்டன. அவர்கள் உண்ட அளவு நூற்றுக்கு 25 பங்கும், பருகிய அளவு நூற்றுக்கு 84 பங்கும் மிகுந்தன. வெளிறிய நிறத்தால் இப்பயன் கிட்டவில்லை. சோதனைக்குட்பட்டோர் மிகச் சிலரே என்பதை மறத்தலாகாது. எனினும் ஒரு தட்டை மாற்றிப் பார்ப்பதில் எவருக்கும் தீங்கில்லை.

இக்கருத்தை நம் வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பச்சை வாழையிலையில் வெண்சோறு பளிச்செனத் தெரிகிறது. பளபளக்கும் எவர்சில்வர் தட்டோ மேலுள்ள விளக்கையும் முகத்தையும் பிரதிபலித்துக் குழப்பக்கூடும். இலை வைக்க இயலாத இல்லங்களில் அழுத்தமான ஒரே நிறமுடைய, பூவேலையற்ற தட்டு போதுமானது. பூக்களையே உணவென்று எண்ணி எடுக்க முயல்வாரும் உளர்.

சூழ்நிலையின் செல்வாக்கைக் காட்டும் மற்றொரு சோதனையும் குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் மறதி நோயாளர் 62 பேர் உண்ணும் கூடங்களில் மீன் தொட்டிகள் வைக்கப்பட்டன. மீன்களைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தவர்கள் அதிகம் உண்டதையும், 16 வாரத்தில் அவர்களுடைய எடை சராசரி முக்கால் கிலோ அளவு கூடியதையும் 2002-இல் ஆய்வாளர் அறிவித்தனர். இதற்கு மாறாக, இரைச்சலிடும் தொலைக்காட்சியும் நடமாட்டமும் கவனத்தைச் சிதறடித்து உணவைக் குறைப்பவை.

கையால் உண்ணும் வழக்கம்

மேற்கூறிய ஆராய்ச்சிகள் பல, கரண்டியும் முட்கரண்டியும் கொண்டு உண்ணும் நாடுகளில் நடந்தவை. அங்கும், கருவியைக் கையாள இயலாத நிலை வரும்போது, கையால் எடுத்துண்ணத்தக்க பண்டங்களைத் தருமாறு நிபுணர் கூறுகின்றனர். இந்தியரிற் பெரும்பாலோர்க்கு இது புதிய ஏற்பாடன்று. சிறு வயது முதல் வாழ்நாள் முழுவதும் நாளுக்குப் பலமுறை பழகிய செயல். பஞ்சாபில் ரொட்டியைக் கிள்ளிக் கறியைத் தொட்டு உண்டவரும், வங்காளத்தில் மீனும் சோறும் பிசைந்து உண்டவரும் அப்பழக்கத்தைக் கைகளில் வைத்திருக்கின்றனர். தூய்மை கருதியோ வசதி கருதியோ முதியவர் கையில் திடீரெனக் கரண்டியைத் திணிப்பது, இருக்கும் திறனை வீணாக்குவதாகும். கையைக் கழுவிவிட்டு அக்கையாலேயே உண்ண விடுவது நன்று. அவ்வாறு கழுவுவதே உணவு வேளை வந்ததென்பதை உணர்த்தும் குறிப்பாகவும் அமையும்.

சோற்றைப் பருப்புடன் குழையப் பிசைந்து, சிறு கவளங்களாகத் தட்டின் ஓரத்தில் வைக்கலாம். இட்லித் துண்டு, நெய் தடவிச் சுருட்டிய மெல்லிய சப்பாத்தி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கனிந்த வாழைப்பழத் துண்டு முதலியன எடுப்பதற்கு எளியவை. ஒரு நேரத்தில் ஒரு பண்டமே எதிரில் இருக்கட்டும். பல கிண்ணங்கள் சூழ்ந்தால், எதை எடுப்பதென்று அறியாமல் அவர் எதையும் எடுக்காதிருப்பார்.

உதவியின் படிகள்

உதவியை ஏணியின் படிகளாகக் கருதி, கீழ்ப்படியிலிருந்து தொடங்க வேண்டும்.

முதற்படி, ஏற்பாடு. நாற்காலியில் நிமிர்ந்து அமர்த்தி, பாதம் தரையில் படியச் செய்து, மூக்குக் கண்ணாடியும் பொய்ப்பற்களும் பொருத்தப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் இதில் அடங்கும்.

இரண்டாம் படி, உடன் அமர்ந்து உண்ணுதல். எதிரிலிருப்பவர் உண்பதைக் கண்டு கை தானே அசைவதுண்டு.

மூன்றாம் படி, சொல். "அப்பா, சாதம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதுபோல் ஒரு வேலைக்கு ஒரு சிறு வாக்கியம். கூறியபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருத்தல் வேண்டும். உண்டபின் ஒரு பாராட்டுச் சொல் கூறலாம். குறிப்பான சொல்லும் பாராட்டும் தாமே உண்பதைப் பெருக்குவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

நான்காம் படி, சைகை. தட்டைச் சுட்டல், உண்பதுபோல் அபிநயித்தல் முதலியன.

ஐந்தாம் படி, தொடக்கம். கவளத்தை அவர் விரல்களில் வைத்தல். முழங்கையை மெல்லத் தாங்கி உயர்த்துதல். பெரும்பாலும் இரண்டு மூன்று கவளத்துக்குப்பின் கை தன் வழியைக் கண்டுகொள்கிறது. அப்போது நம் கையை எடுத்துவிட வேண்டும்.

ஆறாம் படி, கையோடு கை. நாம் கரண்டியைப் பிடிக்க, நம் கைமேல் அவர் கை இருக்கும்படி செய்தல். அவர் கையை மேலிருந்து நாம் பற்றிச் செலுத்தும் முறை அத்துணைப் பயனளிப்பதில்லை. நோயாளர் எதிர்ப்பது அதில் மிகுதி என 2017-இல் வெளியான ஆய்வொன்று தெரிவித்தது.

இவை யாவும் பயன்படாதபோது மட்டுமே ஏழாம் படியாகிய ஊட்டுதலுக்குச் செல்லலாம். அடுத்த வேளை மீண்டும் முதற் படியிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு வேளையின் பிற்பாதியில் களைப்பு மிகுந்தால், அப்பகுதியை மட்டும் ஊட்டுவதில் தவறில்லை. பாதி உணவைத் தம் கையால் உண்டவர் அத்திறனை அன்றைக்கு இழக்கவில்லை.

எச்சரிக்கைகள்

நேற்றுவரை உண்டவர் இன்று திடீரென மறுத்தால் அதை நோயின் முதிர்ச்சி என்று ஒதுக்கிவிடக்கூடாது. பல்வலி, வாய்ப்புண், மலச்சிக்கல், காய்ச்சல், மனச்சோர்வு முதலியன காரணமாகலாம். மறதி நோய்க்கெனத் தரப்படும் டோனபெசில் போன்ற மருந்துகளும் சிலருக்குப் பசியைக் குறைக்கின்றன. மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைப்பது மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

விழுங்குதலில் பழுது நேர்ந்தால் உணவு மூச்சுக்குழாயில் சென்று நிமோனியா உண்டாகலாம். உண்ணும்போது இருமல், உண்டபின் குரல் கரகரத்தல், கவளத்தைக் கன்னத்தில் அடக்கி வைத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். இவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவரின் ஆலோசனை பெற வேண்டும். முழுத் திராட்சை, வேர்க்கடலை, முள்ளுள்ள மீன், தொண்டையில் ஒட்டும் இனிப்புருண்டை, நீர்த்த குழம்பில் மிதக்கும் சோறு ஆகியவற்றைத் தவிர்த்தல் நலம். உண்டபின் அரைமணி நேரமாவது சாய்க்காமல் அமர்த்தி வைத்தல் வேண்டும்.

குழாய் வழி உணவு

இவ்வளவு முயன்றும் நோயின் இறுதிக் கட்டத்தில் தாமே உண்பதும், ஊட்ட உண்பதும் இயலாமற் போகும் நாள் வரலாம். அப்போது குழாய் வழியாக உணவு செலுத்தலாமா என்ற கேள்வி குடும்பத்தாரை வாட்டுகிறது. 1999-இல் பினுகேன் முதலிய அமெரிக்க மருத்துவர் அதுவரை வெளியான சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். முற்றிய மறதி நோயில் குழாய் உணவு ஆயுளை நீட்டுவதாகவோ, நிமோனியாவைத் தடுப்பதாகவோ அவற்றில் ஆதாரம் கிட்டவில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் 2014-இல், குழாயைப் பரிந்துரைக்காமல், கவனத்துடன் கையால் ஊட்டுவதையே பரிந்துரைத்தது. அந்நிலையில் அளவு முக்கியமன்று. நோயாளருக்கு இதமாக உள்ளவரை, விரும்பும் அளவு தருவதே முறை. இம்முடிவை மருத்துவரும் குடும்பத்தாரும் கலந்தே செய்தல் வேண்டும்.

குடும்பத்தாருக்குத் துணை

ஒரு வேளைக்கு 40 நிமிடம் என்பது மூன்று வேளைக்கு இரண்டு மணி நேரமாகும். இதனை ஒருவரே ஆண்டுக்கணக்கில் தாங்குதல் அரிது. கோவாவில் 81 குடும்பங்களைக் கொண்டு நடந்து 2008-இல் வெளியான சோதனையில், உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வீடு தேடிச் சென்று அறிவுரை கூறியதால், பராமரிப்பவரின் மனவேதனை குறைந்தது. செலவு மிகுந்த கருவிகளின்றி நம் நாட்டிலேயே இயன்ற காரியம் இது. 1992-இல் தோன்றிய இந்திய அல்சைமர் சங்கமும் குடும்பங்களுக்கு வழிகாட்டும் பணியில் ஈடுபட்டுள்ளது. வீட்டிலும், இப்பணியை ஒருவர் மீதே சுமத்தாமல் வேளைக்கு ஒருவராகப் பகிர்ந்துகொள்ளலாம். மாலையில் தாத்தாவுடன் அமர்ந்து சிற்றுண்டி உண்பது பள்ளிச் சிறுவனும் செய்யக்கூடிய துணையே. விழுங்குதலைக் கவனிக்கப் பெரியவர் ஒருவர் அருகிலிருந்தால் போதும்.

இத்துறையில் நடந்த சோதனைகள் பலவும் சிறியவை. மேலும் விரிவான ஆராய்ச்சிகள் தேவை, குறிப்பாகக் கையால் உண்ணும் நம் மக்களிடையே. எனினும் அவை சுட்டும் திசை ஒன்றே. வேண்டிய அளவுக்கு மிகாத உதவியே நல்ல உதவி. சிந்திய சோற்றைத் துடைத்துவிடலாம். ஆனால் ஓய்ந்துபோன கையை மீட்பது எளிதன்று. ஆகவே, தட்டை வாங்குமுன் இன்னும் சிறிது நேரம் பொறுத்திருப்பதைப் பராமரிப்பவர் ஒவ்வொருவரும் பழக்கமாகக் கொள்ளுதல் வேண்டும்.